ஒன்பது கிலோ பிரிட்டா

எங்கள் ஹெரான் க்ரீக் ஆஸ்பத்திரியின் வாசலில் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு தங்க லூன் தெரியும். லூன் என்பது ஏரியில் நீந்தும் பறவை. அதை வாத்து என்று சொல்லிவிட்டால் எங்கள் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கே உங்களுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். ஆன்டிபயாடிக் மருந்தை அளவோடு கொடுத்ததற்காக வடமாவட்ட ஆஸ்பத்திரிச் சங்கம் கொடுத்த விருது அது. அதைத் துடைத்து வைப்பது என் வேலையில்லை. அதன் கீழே நின்று தினமும் பல்லைக் கடிப்பதுதான் என் வேலை, அதற்குச் சம்பளமும் இல்லை.

நான் வெர்னா டோலெஃப்சன். ஆஸ்பத்திரி உணவகத்தின் சமையல்காரி. ஆன்டிபயாடிக் கண்காணிப்புக் கமிட்டி கூடும்போதெல்லாம் காபியும் எலுமிச்சைக் கேக்கும் கொண்டுபோய் வைப்பவள். கமிட்டிக்காரர்கள் கேக்கைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். அதனால் அவர்கள் பேசுவது எல்லாம் என் காதில் விழும்.

கமிட்டி வைத்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் மூக்கு ஒழுகினால் அமாக்சிசிலின், தும்மினால் அமாக்சிசிலின், மாமனார் மிச்சம் வைத்த மாத்திரையை மருமகன் விழுங்குவது என்று ஒரே கொண்டாட்டமாக இருந்தது. சாதாரணச் சளிக்கு அந்த மருந்தால் எள்ளளவும் பிரயோசனமில்லை என்று சுவரெல்லாம் படம் ஒட்டி அதை நிறுத்தியது இந்தக் கமிட்டிதான். நிறுத்தியதும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். கமிட்டி என்றைக்கு வீட்டுக்குப் போயிருக்கிறது?

குழந்தைகளுக்கு இந்த மருந்தை எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும், அதுவும் கிலோக் கணக்கில். நாங்களோ மீனிலிருந்து மனுஷன் வரைக்கும் பவுண்டில் நிறுக்கிறவர்கள். பவுண்டைக் கிலோ என்று எண்ணிக் கொடுத்துவிட்டால் ஒன்றுக்கு இரண்டாகப் போய்விடும். அந்த ஆபத்தைத் தடுக்க எடைப் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று உட்கார்ந்து, ஆஸ்பத்திரித் தராசுகளையெல்லாம் கிலோ மட்டும் காட்டும் தராசுகளாக மாற்றியது. அதே ஆபத்தைத் தடுக்க மேல்மாடியில் கம்ப்யூட்டர் கமிட்டி என்று இன்னொன்று உட்கார்ந்து, எந்த எடையை அடித்தாலும் அதைப் பவுண்டு என்று எடுத்துக்கொண்டு கிலோவாகக் குறைத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தது. இரண்டு கமிட்டிக்கும் நடுவில் இருந்தது ஒரு மாடிப்படி. எங்கள் ஊரில் கூப்பிடாமல் யாரும் யாரிடமும் போகமாட்டார்கள்.

ஆக, இருபது கிலோப் பிள்ளை தராசில் ஏறினால் இருபது காட்டும். நர்ஸ் இருபது என்று அடிப்பாள். கம்ப்யூட்டர் அதை மறுபடி குறைத்து ஒன்பது என்று எழுதிக்கொள்ளும். ஒன்பது கிலோவுக்கு உண்டான மருந்து வரும். ஒன்பது கிலோ என்றால் தவழுகிற குழந்தை என்று வேறு எந்த நாட்டிலும் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். எங்களுக்குக் கிலோ என்பது தொலைக்காட்சியில் வரும் வெளிநாட்டுச் சமாச்சாரம். இந்தக் கூத்து எனக்கே பிறகுதான் தெரிந்தது. நீங்களாவது முதலிலிருந்தே தெளிவாக இருங்கள் என்று சொல்லிவைக்கிறேன்.

என் தம்பி டுவெய்ன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். மனைவி டுலூத் நகரத்தில் வேலை பார்க்கிறாள், வார முடிவில்தான் வருவாள். ஐந்து வயது மகள் பிரிட்டாவுக்கு இடது காதில் வலி வந்தது. காது பழுத்திருக்கிறது, இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும் என்று டாக்டரே சொல்லி, ரோஸ் நிற அமாக்சிசிலின் தண்ணீர் மருந்து ஒரு குப்பி கொடுத்தார்கள். டுவெய்ன் வேளை தவறாமல் கொடுத்தான். குழந்தை வேளை தவறாமல் அழுதது.

மறுபடி கூட்டிக்கொண்டு போனான். நர்ஸ் ஜோலீன் கேட்டாள்: "குழந்தை எப்படி இருக்கா, டுவெய்ன்?"

"பரவாயில்ல," என்றான் என் தம்பி.

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊர் ஆள் ஒருவனின் கால் ஏரிப் பனிக்குள் சிக்கி முட்டி திரும்பிவிட்டாலும், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பரவாயில்லை என்றுதான் சொல்வான். வீடு எரிந்தால், இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்பான். ஜோலீன் 'முன்னேற்றம்' என்று அடித்துக்கொண்டாள். முன்னேறிய நோயாளிக்கு மருந்தைக் கூட்ட வழியில்லை. அதே அளவில் இன்னொரு குப்பி கொடுத்து அனுப்பினாள்.

"டேய், பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் கேட்டேன்.

"கேட்டாங்க, சொன்னேன்க்கா. ஜோலீன் முகத்துக்கு நேரா எப்படி மோசம்னு சொல்றது? அவங்க மனசு கஷ்டப்படாது?"

வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு பிறந்தவன். என்ன செய்ய.

அந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் டாக்டர் ஸ்டென்ரூட் எழுந்து நின்றார். வெள்ளிக் கண்ணாடி, வெள்ளை மீசை, கையில் என் கேக்.

"நண்பர்களே, ஒரு சந்தோஷமான செய்தி. குழந்தைகளுக்கு நாம கொடுக்கிற ஆன்டிபயாடிக் போன வருஷத்துல பாதிகூட இல்ல. எப்படி இது நடந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. எப்படின்னு எனக்கே தெரியாது. அதுதான் நம்ம திறமை. இன்னொண்ணு, ஒரே குழந்தைங்க திரும்பத் திரும்ப வர்றது ரெண்டு மடங்கா கூடியிருக்கு. முன்னெல்லாம் ஒருதடவை வந்தா அதுக்கப்புறம் எட்டிப் பாக்க மாட்டாங்க. இப்போ அழுதுக்கிட்டே திரும்பி வர்றாங்க. நம்ம மேல நம்பிக்கை வளர்ந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் தங்க லூன் நமக்குத்தான் என்றார் அவர். நான் காபி ஊற்றினேன்.

மூன்றாம் தடவை பிரிட்டாவைக் கூட்டிக்கொண்டு போனபோது கம்ப்யூட்டர் சிவப்பு விளக்குப் போட்டுவிட்டது. ஐந்து வயது, ஒன்பது கிலோ, பட்டினி. சத்துணவு அதிகாரி அம்மாள் ஒருவர் ஓடி வந்தார். பிரிட்டா அப்போது நாற்காலியில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டு நான் சுட்டுக் கொடுத்த ஹாட்டிஷை டப்பாவோடு அணைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் பன் மாதிரி இருக்கும் அவளுக்கு.

அந்த அம்மாள் குழந்தையைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி குழந்தையைப் பார்த்தார்.

"பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கா," என்றார். "ஆனா இது வெறும் தோற்றம். தோற்றத்தை நம்பி நாங்க வேலை செய்றதில்ல."

"நல்லா சாப்பிடுவாளுங்க," என்றான் டுவெய்ன்.

"பட்டினி கிடக்கிற பிள்ளைங்க அப்படித்தான் சாப்பிடும், மிஸ்டர் டோலெஃப்சன்."

அவர் வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். சீஸ், வெண்ணெய், மான் இறைச்சி, நான் கொடுத்தனுப்பிய இரண்டு பை. எல்லாம் இருந்தும் பிள்ளையை வாடவிட்டிருக்கிறான் என்று தனியாக ஒரு குற்றம் சேர்ந்தது. தினமும் சாக்லெட் பால் ஆறு புட்டி குடிக்கச் சொன்னார். பிள்ளை தேறாவிட்டால் குழந்தை நலத்துறைக்குச் சொல்ல வேண்டிவரும் என்று இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனார். என் தம்பி அவரைக் கார்வரைக்கும் கொண்டுபோய் விட்டு, நன்றி சொல்லி, பனியில் சிக்கிய காரைத் தள்ளியும் கொடுத்தான்.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைவரை. பிரிட்டா என் சமையலறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். இடது பக்கமாக நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வலது பக்கம் போய்க் கூப்பிட்டதும், "என்ன அத்தை?" என்று சிரித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தக் காதில் சீழ் கோர்த்துக் கிடக்கிறது, இப்படியே விட்டால் காது கேட்காமலே போய்விடும் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போயிற்று.

மறுநாள் எங்கள் வீட்டு நாய் ஓட்டோ முள்ளம்பன்றியிடம் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தது. டுவெய்ன் அதைக் கால்நடை டாக்டர் க்விஸ்ட்டிடம் கொண்டுபோனான். பிரிட்டாவும் நானும் கூடப் போனோம். க்விஸ்ட் முள்ளைப் பிடுங்கி, நாயைத் தன் கிலோத் தராசில் ஏற்றினாள். இருபத்து நாலு கிலோ. அதற்கும் அமாக்சிசிலின்தான். நாய் இறங்கியதும் பிரிட்டா ஏறி நின்றுகொண்டாள்.

"இருபது கிலோ," என்று க்விஸ்ட் சிரித்தாள். "உனக்கும் மருந்து வேணுமா?"

"எனக்கு இருக்கே," என்று பிரிட்டா கோட்டுப் பையிலிருந்த குப்பியை எடுத்துக் காட்டினாள்.

க்விஸ்ட் குப்பியின் மேலிருந்த சீட்டைப் படித்தாள், எடை ஒன்பது கிலோ என்று அதில் போட்டிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "யாருக்கு இது, டுவெய்ன்? பூனைக்கா?"

இருபதைப் பவுண்டாக எண்ணிக் குறைத்தால் ஒன்பது வரும் என்று கணக்குப் போட்டு, அவள்தான் தராசும் கம்ப்யூட்டரும் சேர்ந்து செய்த திருக்கூத்தை எங்களுக்குப் புரியவைத்தாள். "பாதிக்கும் கம்மியா போயிட்டு இருக்கு. கிருமி சாகல, நல்லா பழகிக்கிட்டு இருக்கு. என் நாய்க்கு நான் இப்படிக் கொடுத்தா ஊர்ல என்னை அடிப்பாங்க."

"நீங்களே சரியான அளவு எழுதிக் கொடுத்துடுங்களேன்," என்றேன்.

"மனுஷப் பிள்ளைக்கு நான் எழுதக் கூடாது, வெர்னா. ஓட்டோ மருந்தையும் தொடாதீங்க. ஆஸ்பத்திரியில போய் நேரா சொல்லுங்க. ஒரு நிமிஷத்துல சரிபண்ணிடலாம் இதை."

பாவம், அவள் மிருகங்களோடு வேலை செய்கிறவள். கமிட்டியைப் பார்த்ததில்லை.

டுவெய்ன் குளித்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு கமிட்டியின் முன்னால் போய் நின்றான். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, விஷயத்தைச் சொன்னான். நான் காபிக் கெட்டிலோடு சுவரோரம் நின்றேன். டாக்டர் ஸ்டென்ரூட்டின் முகம் ஒரு கணம் வெளுத்ததைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மறுகணமே மீசையைத் தடவிக்கொண்டார்.

"தராசை நிபுணர்கள் சோதிச்சுப் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"பாத்தாங்க. சரியா இருக்கு," என்றது எடைக் கமிட்டி.

"கம்ப்யூட்டரை?"

"அதுவும் சரியா இருக்கு," என்றது கம்ப்யூட்டர் கமிட்டி.

"தராசும் சரி. கம்ப்யூட்டரும் சரி." அவர் டுவெய்னைப் பரிவோடு பார்த்தார். "அப்போ பிரச்சினை குழந்தைகிட்டதான் இருக்கணும். தம்பி, உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா ஒரு பிள்ளைக்கு எடை தப்புன்னா எல்லாப் பிள்ளைக்கும் தப்பு. எல்லாப் பிள்ளைக்கும் தப்புன்னா நம்ம சாதனையும் தப்பு. ஒரு சாதனை தப்பா இருக்க முடியுமா? அதனால ஒரு துணைக்கமிட்டி போடுறோம். விருது விழா முடிஞ்சதும் கூடும். இதுக்கு நடுவுல குழந்தை எப்படி இருக்கா?"

நான் தம்பியை முறைத்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"பரவாயில்ல, டாக்டர்."

கெட்டிலை அவன் தலையில் போட்டிருப்பேன். காபி வீணாகுமே என்று விட்டேன்.

வாசலில் வண்டியில் ஏறினதும் அவன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆள், தேம்பித் தேம்பி அழுதான். பின்சீட்டில் பிரிட்டா ஓட்டோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பிரிட்டா இருபது. ஓட்டோ இருபத்து நாலு. சேத்தா நாப்பத்து நாலு. அதைக் கம்ப்யூட்டர் குறைச்சா?"

"இருபது," என்றேன்.

எங்கள் நாட்டில் ஒரு வசதி உண்டு. மனசுக்குத் துணையாக இருக்கும் பிராணி என்று ஒரு நாய்க்குச் சிவப்பு அங்கி மாட்டிவிட்டால், அதை விமானத்தில் ஏற்றலாம், ஹோட்டலில் உட்காரவைக்கலாம், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்பது அநாகரிகம் என்று ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு வகுப்பு நடத்தியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் பிரிட்டா தராசில் ஏறினாள். ஓட்டோவும் அங்கியோடு கூடவே ஏறியது. மூக்கில் முள் பிடுங்கிய தழும்போடு ஜோலீனை நக்கியது. ஜோலீன் நாயைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். வகுப்பை நினைத்துக்கொண்டாள். நாற்பத்து நாலு என்று அடித்தாள்.

அன்றைக்குத்தான் பிரிட்டாவுக்கு அவள் எடைக்கு ஏற்ற மருந்து கிடைத்தது. வலி ஓடிப்போயிற்று. குப்பியை முழுசாகக் குடித்து முடித்த வாரம், இடது பக்கமாக நின்று மெல்லக் கூப்பிட்டேன். "என்ன அத்தை?" என்று திரும்பினாள். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? சில நாட்களில் ஒன்பதிலிருந்து இருபது கிலோவுக்குத் தேறிய குழந்தை என்று சத்துணவு அதிகாரி அம்மாள் தன் சாக்லெட் பாலுக்குப் பெயர் வாங்கிக்கொண்டார். விருது விழாவில் பிரிட்டாவை மேடையேற்றுவது என்று முடிவாயிற்று. பள்ளிக்கூட மண்டபம் நிறைய ஜனம். மேடையில் லூன், தராசு, சுவரளவு பெரிய திரை. பிரிட்டா ஏறி நின்றாள். தராசு இருபது காட்டியது. திரையில் அவள் எடை இருபது என்று ஏற்கெனவே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர் ஸ்டென்ரூட். "தராசு சொல்றதும் கம்ப்யூட்டர் சொல்றதும் ஒண்ணு. குறை சொன்னவங்க வாயை இது அடைக்கும். டுவெய்ன், நம்ம சேவை எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

மைக்கை நீட்டினார். அவர் எந்தப் பதிலை எதிர்பார்த்தார் என்று மண்டபத்துக்கே தெரியும். முன்வரிசையில் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு அம்மா மடியில் சுருண்டு கிடந்தான். டுவெய்ன் அவனையே பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"மோசம்," என்றான்.

எங்கள் ஊரில் அந்த வார்த்தையை மைக்கில் யாரும் சொன்னதில்லை.

"ஜோலீன், தராசுல இருக்கிற இருபதைக் கம்ப்யூட்டர்ல அடிங்க."

ஜோலீன் அடித்தாள். பெரிய திரையில் ஒன்பது என்று வந்தது.

"ஓட்டோ, ஏறு." நாய் ஏறியது. "இப்போ அடிங்க."

நாற்பத்து நாலு அடித்தாள். இருபது வந்தது.

"என் பொண்ணுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது இந்த நாய்தாங்க. எல்லா வீட்டுலயும் நாய் இருக்காது. தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

டாக்டர் ஸ்டென்ரூட் மைக்கை வாங்கிக்கொண்டார். "குடும்பமும் செல்லப்பிராணியும் சேர்ந்து சிகிச்சையில பங்கெடுக்கிறதை இப்போ பாத்தோம். இந்த ஊரோட அன்புக்கு இது சாட்சி," என்றார். மேடையிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். கீழே பிள்ளை பெற்றவர்கள் தட்டவில்லை. அவர்கள் தங்கள் பிள்ளையின் எடையைக் கைபேசியில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூன் கைமாறியது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி முழுக்க நாய். லாப்ரடார், பீகிள், ஒரு வீட்டிலிருந்து ஆட்டுக்குட்டி. மருந்துச் செலவு பழையபடி ஏறத் தொடங்கியதும் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஆன்டிபயாடிக் அதிகமாவதற்கு நாய்கள்தான் காரணம் என்று கண்டுபிடித்தது. துணைப்பிராணிக்குத் தடை போடச் சட்டச் சிக்கல் இருந்ததால், 'தராசின் மேல் ஒரு நேரத்தில் ஓர் உயிர் மட்டும்' என்று லூனுக்குக் கீழே அறிவிப்பு மாட்டியது. துணைக்கமிட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதற்குத் தலைவரைத் தேட ஒரு கமிட்டி போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

நவம்பர் மாதம். என் உறைபெட்டியில் நன்றித் திருநாள் விருந்துக்கான வான்கோழிகள் கல்லாக உறைந்து கிடந்தன, ஒவ்வொன்றும் இருபது பவுண்டு. உறைந்த வான்கோழி உயிர் இல்லை. அதற்கும் அங்கி பொருந்துகிறது. சமையல்கூடத்தின் பின்வாசலில் தாய் தகப்பன்மார் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். க்விஸ்ட் எந்தப் பிள்ளைக்கு எத்தனை கோழி என்று கணக்குப் போட்டுக் கொடுப்பாள். பிள்ளை தராசில் வான்கோழியை அணைத்துக்கொண்டு நடுங்கும். ஜோலீன் ஒன்றும் கேட்காமல் எண்ணை அடிப்பாள்.

போன வியாழக்கிழமை பின்வாசல் கதவு தட்டப்பட்டது. டாக்டர் ஸ்டென்ரூட். தோளில் போர்வை சுற்றிய பேரன், முகமெல்லாம் சிவந்து, ஒரு காதைத் தாத்தா சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வெர்னா," என்றார் மெதுவாக. "உள்ள கோழி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"குழந்தை எப்படி இருக்கான், டாக்டர்?"

"பரவா..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். பேரன் முனகினான். "மோசமா இருக்கான், வெர்னா. ரெண்டு குப்பி காலியாயிடுச்சு. எனக்கு என்ன செய்றதுன்னு தெரியல."

அந்தப் பிள்ளையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தாத்தாவைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் கமிட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதுமே டாக்டர். ஒரு நிமிஷ வேலைன்னு க்விஸ்ட் சொல்றா."

அவர் லூன் இருந்த திசையில் ஒரு தடவை பார்த்தார்.

"சரி," என்றேன். "பதினஞ்சு கிலோப் பையனுக்கு ரெண்டு கோழி வேணும். தரேன். அங்க பின்னாடி போய் நில்லுங்க, உங்களுக்கு முன்னால ஏழு பிள்ளைங்க நிக்குது."

அவர் பேரனைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்து, எப்படி இருக்கீங்க டாக்டர் என்று கேட்டாள்.